மூணாம் தெருவில் இறங்கிக்கொண்ட குளிர்

கத்திரி வெயில் பிறந்த அன்று காலையில், பாளையங்கோட்டை சிவந்திநகர் மூணாம் தெருவில், வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த லிங்கதுரை தன் கையாலேயே குழாய் பூட்டி, வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரமாக வைத்திருந்த ஏ.சி.யின் குளிர் வீட்டை விட்டுப் போய்விட்டது. இயந்திரம் நிற்கவில்லை. மொட்டைமாடியில் அது வழக்கம்போல உறுமிக்கொண்டிருந்தது, கூரையில் பதித்த சட்டங்கள் வழியாகக் காற்றும் வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது, காற்றில் குளிர் மட்டும் இல்லை. குழம்பு இருந்து உப்பு இல்லாத மாதிரி, அவ்வளவுதான்.

லிங்கதுரை மீசை அரும்பிய வயதில் அரபு நாட்டுக்குப் போனவர். அங்கே அவருக்கு வேலை, தகரத்தை வெட்டி மடக்கி, ஆள் தவழ்ந்து போகிற பருமனில் பெட்டிக்குழாய் செய்து, கட்டடங்களின் கூரைக்குள் குளிர் நடந்து போக வழி போட்டுக் கொடுப்பது. டக்ட் என்று அதற்குப் பெயர். ஷேக்குகளின் மாளிகைக்குப் போட்டார், இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரியாத கடைவீதிகளுக்குப் போட்டார், பந்தயத்துக்கு வருகிற ஒட்டகங்கள் இளைப்பாறும் கொட்டகைக்குக்கூடப் போட்டார். அந்தக் காலமெல்லாம் அவர் மனைவி ஜெயக்கொடி இதே மூணாம் தெருவில், கிறீச்சிடுகிற மின்விசிறி ஒன்றின் கீழே, மகள் நித்யகலாவை வளர்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் "அங்க எப்படிளா இருக்கு?" என்று இவர் கேட்பார், "வேகுது" என்று அவள் சொல்வாள், மற்ற எத்தனையோ பேசினாலும் அந்த ஒரு சொல்தான் அவர் நெஞ்சில் முள்ளாகத் தங்கும். ஒட்டகம் குளிரில் படுத்திருக்கிறது, என் பெண்டாட்டி வேகிறாள் என்று அவர் ஒருநாள் தகரக் கட்டின்மேல் உட்கார்ந்து அழுதும் இருக்கிறார்.

ஆகையால் திரும்பி வந்ததும் பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்டினார். கூடம், படுக்கையறை, அடுக்களை, பூஜையறை என்று எல்லா இடத்துக்கும் கூரைக்குள்ளேயே வழி போட்டார். ஜன்னல்களுக்குத் தடித்த கண்ணாடி வைத்து ஓரமெல்லாம் பசை பூசி அடைத்தார். ஜன்னல் திறந்திருந்தால் குளிர் நிற்காது என்பது அவர் தொழிலின் முதல் பாடம், அதை அவர் ஒருநாளும் மீறியதில்லை. கீரைக்காரியின் கூவல் உள்ளே கேட்காது, பக்கத்து வீட்டுச் சண்டை கேட்காது, தெருவில் தேரே போனாலும் கேட்காது. பால் காய்ச்சும் விசேஷத்துக்கு, தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் நல்ல வண்ணப்படமாக ஒரு அழைப்பைப் போட்டார். ஒரு வீடு பாக்கியில்லாமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள், ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. "பொறாமை" என்று லிங்கதுரை முடிவு கட்டினார். ஜெயக்கொடி அப்போது என்னவோ சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அவர் மிச்சமான சாம்பாரை என்ன செய்வது என்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

இப்போது குளிர் போனது சும்மா போகவில்லை, நித்யகலாவின் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு போனது. மாப்பிள்ளை வீட்டார் குன்னூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அம்மா வத்சலா அம்மாளுக்கு வெயில் என்றால் ஆகவே ஆகாது, மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினாலே தலை கிறுகிறுக்கும் என்பார். "கத்திரி கழியட்டுமே, ஆவணியில வெச்சுக்கலாமே" என்று அவர் கேட்டபோது, "எங்க வீட்டுக்குள்ள வந்துட்டிங்கன்னா குன்னூர்லதான் இருக்கோம்னு நெனைப்பீங்க" என்று லிங்கதுரை நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருந்தார். ஆவணிக்குள் மாப்பிள்ளைப் பையன் வேலைக்காகக் கடல்கடந்து போய்விடுவான். தள்ளிப்போன நிச்சயம் தள்ளிக்கொண்டே போகும் என்று நித்யகலா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுததும் அவருக்குத் தெரியும். வைகாசியின் ஒரு வெள்ளிக்கிழமை, இந்தக் கூடத்தில், இந்தக் குளிரில், இந்தப் பிள்ளைக்கு நிச்சயம் நடந்தாக வேண்டும்.

அவர் மெக்கானிக் எபனேசரைக் கூப்பிட்டார். எபனேசர் வாய் ஓயாத ஆள், ஆனால் வேலை சுத்தம். சுவரிலிருந்த சின்னப் பெட்டியில் குளிர் என்றுதான் வைத்திருக்கிறதா, யாராவது தெரியாமல் சூடு என்று திருப்பிவிட்டார்களா என்று முதலில் பார்த்தார்கள். அதன் பேட்டரியை மாற்றினார்கள். மின்பெட்டியில் சுவிட்சை இறக்கி ஏற்றினார்கள். காற்று வடிகட்டியைக் கழற்றி, அதிலிருந்த தூசியைத் தட்டி, கழுவிக் காயவைத்தார்கள். மாடிக்குப் போய் வெளிப்பெட்டியின் தகடுகளுக்குள் மைனா கட்டியிருந்த வைக்கோல் வீட்டை நோகாமல் எடுத்துத் தண்ணீர்த்தொட்டி மேல் வைத்துவிட்டு, குழாயடித்து அழுக்கை இறக்கினார்கள். கேஸ் அளந்தார்கள், நிறைவாக இருந்தது. சுருள்குழாயில் ஐஸ் கட்டியிருக்கிறதா என்று பார்த்தார்கள், ஐஸ் இல்லை, ஆனால் கையை வைத்தால் கடித்தது. அங்கிருந்து நேரே கூடத்துக்கு வந்து கூரைச் சட்டத்தின் கீழே கையைக் காட்டினால், மதிய வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் ஏறின மாதிரி அனல் அடித்தது.

"அண்ணாச்சி," என்றார் எபனேசர், "குளிரு மெஷின்ல ஏறுது, ஆனா ஹால்ல எறங்கல. நடுவுல எங்கியோ எறங்கிக்கிடுது. வண்ணார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்தவன் முருகன்குறிச்சியிலயே எறங்கிப் போன கததான்."

"ஓட்டை இருக்கும்டே. எங்கயாவது மூட்டு விட்டிருக்கும்."

"நீங்க பூட்டுன மூட்டு விடுமா?"

அது நியாயமான கேள்வி. லிங்கதுரை சட்டையைக் கழற்றிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தானே குழாய்க்குள் தவழ்ந்தார். முதல் வளைவு வரையில் குளிர் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது, அதன் முதுகுப்பக்கம் தன் முகத்தில் படுவதுபோலவே இருந்தது. வளைவைத் தாண்டினார், காணோம். முன்னால் நடந்துபோன ஆள் சொல்லாமல் ஒரு சந்துக்குள் திரும்பிவிட்டது போல. தகரத்தை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார், ஊசி நுழைய ஓட்டையில்லை. வெளியே வந்தபோது அவர் வேர்த்து விறுவிறுத்து, உடம்பெல்லாம் குழாயின் உறைப்பஞ்சு ஒட்டி, கோழிக்குஞ்சு மாதிரி இருந்தார். அதைப் பார்த்து ஜெயக்கொடி சிரித்துவிட்டாள், அவருக்கு அது பிடிக்கவில்லை.

அப்போதுதான் வெளிக்கதவுக்கு அப்பால் நின்று யாரோ கூப்பிட்டார்கள். எதிர்வீட்டு ஆவுடையம்மாள், தெருவுக்கே இட்லிமாவு ஆட்டி விற்கிறவள்.

"என்ன விஷயம்?" என்றார் லிங்கதுரை. உள்ளே வாங்க என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, அவளும் படி மிதிக்கவில்லை.

"மாவு பொங்கல தம்பி. இந்த வெயிலுக்குத் தட்டத் தள்ளிட்டு வழிய வேண்டிய மாவு, ஆட்டி ஊத்துன மேனிக்கே கெடக்கு. உங்க வீட்டுக் குளிரு எங்க வீட்ல வந்து உக்காந்துருக்குல்லா?"

லிங்கதுரை தெருவைத் தாண்டிப் போனார். வந்து இத்தனை மாதத்தில் அந்தத் தெருவை அவர் நடந்து தாண்டியது அதுதான் முதல் தடவை. ஆவுடையம்மாளின் சிமெண்டு ஓட்டு வீட்டுக்குள் காலை வைத்ததும் கணுக்காலில் சில்லென்று தட்டியது. கிரைண்டர் வேர்த்திருந்தது, அரிசி ஊறிய பாத்திரம் வேர்த்திருந்தது, ஆவுடையம்மாளின் வீட்டுக்காரர் பனியனுக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்தார். புதுத் தகரமும் ஒட்டுப்பசையும் கலந்த அந்த வாசனையைக் கொண்டே லிங்கதுரை அடையாளம் கண்டுகொண்டார். சந்தேகமே இல்லை, அவருடைய குளிர்தான்.

"கூட்டிட்டுப் போங்க," என்றாள் ஆவுடையம்மாள்.

"எப்படிக்கா கூட்டிட்டுப் போறது?"

"அது எனக்கென்ன தெரியும்? நான் போன்னு சொல்லமாட்டேன். வீடு தேடி வந்தத யாராவது போன்னு சொல்லுவாவளா? கட்டில்ல உக்காருன்னு சொல்லிட்டேன், நேத்துலருந்து கட்டில்லதான் இருக்கு."

அவர் வீட்டுக்குப் போய் இயந்திரத்தை அணைத்தார், ஆவுடையம்மாளின் மாவு அரைநாளில் பொங்கி வழிந்தது. மறுநாள் போட்டார். இந்தத் தடவை குளிர் தையல்காரர் கொம்பையா வீட்டில் போய் இறங்கியது. அதற்கடுத்து எங்கே இறங்கும் என்று தெரு முழுக்க வாசல் தெளித்துக் காத்திருந்தது.

மூணாம் தெரு அதிசயத்தைப் பார்த்து வாய் பிளக்கிற தெரு அல்ல. குழாயில் தண்ணீர் வருகிறதே, அதைவிடவா அதிசயம் என்று கேட்கிற தெரு. குளிர் ஒரு நேரத்தில் ஒரு வீட்டில்தான் இருக்கும், ஆள் இல்லாத வீட்டில் இருக்காது, பேச்சு இல்லாத வீட்டில் நெடுநேரம் தங்காது, டிவி பேசுவதைப் பேச்சாகவே எடுத்துக்கொள்ளாது என்று இரண்டொரு வாரத்தில் அதன் குணமெல்லாம் பெண்களுக்கு அத்துபடியாகிவிட்டது. வந்தால் ஒரு பாய் விரித்துப் போட்டார்கள். அதன் முன்னால் யாரையும் திட்டக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள். பூக்காரி காலையில் கட்டிய பிச்சிப்பூவைக் குளிர் இருக்கிற வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சாயங்காலம் அரும்பாகவே எடுத்துப்போனாள். கொம்பையா தன் தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சட்டை போட்டுக்கொண்டு சட்டை தைத்தார். அவருக்கும் பக்கத்து வீட்டில் இருக்கிற அவர் தம்பிக்கும் ஒரு முருங்கைமரத்தை முன்னிட்டுப் பல வருஷமாகப் பேச்சில்லை, நடுவில் ஒரே சுவர். குளிர் அண்ணன் வீட்டில் இருந்த அன்றைக்குத் தம்பி அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துபார்த்தார், சுவர் இதமாக இருந்தது, கொஞ்சநேரம் பொறுத்தார், பிறகு சுவரைத் தட்டி, "கொஞ்சம் இந்தப் பக்கமாத் தள்ளி உக்காரச் சொல்லு" என்றார். மறுபக்கத்திலிருந்து, "ஒனக்கு வேணும்னா நீ இங்க வாயேம்ல" என்று பதில் வந்தது. பேச்சு அப்படித்தான் திரும்பியது, முருங்கைமரத்தைப் பற்றி இன்றுவரை யாரும் எடுக்கவில்லை.

லிங்கதுரைக்கு மட்டும் வயிறு எரிந்தது. வயிறும் எரிந்தது, உடம்பும் எரிந்தது. அடைத்த கண்ணாடிக்குள் அவர் வீடு இட்லிக்கொப்பரை மாதிரி அவிந்துகொண்டிருந்தது. ஜெயக்கொடி தினமும் மத்தியானம் அவரைக்காயை முறத்தில் போட்டுக்கொண்டு, குளிர் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போய்விடுவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால், எதிர்வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது தெரியும். சத்தம் கேட்காது. யாருக்காக அந்தக் குளிரைக் கடல்தாண்டிக் கற்றுக்கொண்டு வந்தாரோ அவள் அதை எதிர்வீட்டில் போய் அனுபவிக்கிறாள் என்பது அவருக்குச் சொல்லிமாளாத வருத்தமாக இருந்தது. "எனக்கில்லாத குளிர் எவனுக்கும் வேண்டாம்" என்று ஒரு மத்தியானம் ஏ.சி.யின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

அழைப்புமணி அடித்தது. அந்த வீட்டில் மணி இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாலாவது வீட்டுப் பாத்துமுத்து நின்றாள், மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிற வீடு. தோளில் பச்சைப்பிள்ளை கிடந்தது.

"அண்ணாச்சி, கரண்டு எல்லா வீட்லயும் இருக்கு, குளிரு மட்டும் நின்னுட்டு. பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு, இப்பதான் ரெண்டு நாளா ஒறங்குது. கொஞ்சம் போட்டு விடுதியளா?"

பிள்ளை வெந்த முகத்தைச் சுளித்து லிங்கதுரையைப் பார்த்தது. அவர் போய் மெயினை ஏற்றினார். அதற்குப்பிறகு அதை அவர் இறக்கவே இல்லை, வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை நெருங்கியது. அவர் மூட்டுகளுக்கெல்லாம் இரண்டாவது சுற்று ஒட்டினார், மற்ற அறைகளின் சட்டங்களை மூடிக் கூடத்துக்கு மட்டும் வழி விட்டார், எபனேசர் யோசனைப்படி குழாய் வளைவில் ஒரு ரேடியோவைப் பாடவைத்துப் பார்த்தார். குளிர் ரேடியோவை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நித்யகலா, வத்சலா அம்மாளின் போன் வந்தால் மாடிக்குப் போய்ப் பேசினாள். ஒரு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு லிங்கதுரை குரல் உடைந்துபோய்ச் சொன்னார்:

"ஏளா, எங்க போட்டாலும் நின்னுச்சு. எவன் எவன் வீட்லயோ நின்னுச்சு. என் வீட்ல நிக்க மாட்டேங்கே. நான் என்ன தப்புச் செஞ்சேன்?"

ஜெயக்கொடி அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். "நீங்க யாரையாவது வாங்கன்னு கூப்பிட்டியளா?"

"பால் காய்ச்சுக்கு எல்லாருக்கும் அனுப்புனேம்லா? எல்லாரும் பாத்தாவளே!"

"அனுப்புனிய. கூப்பிடல. இந்தத் தெருவுல எழவுக்குத்தான் சொல்லாம வருவாவ. நல்லதுக்குப் புருசனும் பொண்டாட்டியுமாப் போயி, குங்குமம் குடுத்து, வாயால வாங்கன்னு சொன்னாத்தான் வருவாவ. அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க சாம்பாரு கதய பேசிட்டு இருந்திய. இம்புட்டு வருசமா நீங்க இல்லாதப்ப எனக்கு ஒரு காய்ச்சல்னா இந்தச் சனந்தான் கஞ்சி வச்சுக் குடுத்துது. அவியளுக்குப் போன்ல படமா அனுப்புவிய?"

அவர் ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார். அழைப்புக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகள்கூட அவருக்குத் தெரியாது. ஊரில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அவர் வேட்டி கட்டினார். தாம்பாளத்தில் குங்குமச்சிமிழ், சந்தனம், வெற்றிலை, பாக்கு. முதலில் எதிர்வீடு. ஆவுடையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். லிங்கதுரை தாம்பாளத்தை நீட்டினார். "அக்கா, வெள்ளிக்கிழமை... நம்ம வீட்ல... அதாவது, பிள்ளைக்கு..." என்று தட்டுத் தடுமாறினார். ஜெயக்கொடி முழங்கையால் இடித்தாள். "வீட்டோட வந்து இருந்து, நடத்திக் குடுக்கணும்க்கா," என்று முடித்தார். ஆவுடையம்மாள் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, "இதச் சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளா தம்பி? இரி, காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்," என்றாள். ஒருமைக்கு இறங்கிவிட்டாள் என்பதை லிங்கதுரை கவனித்தார், அது அவருக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

இப்படியாக வீடு வீடாகப் போனார்கள், வீடு வீடாகக் காப்பி குடித்தார்கள், கலர் சோடா குடித்தார்கள், ஓலைக்கொழுக்கட்டை தின்றார்கள். கொம்பையாவும் தம்பியும் சேர்ந்தே நின்று குங்குமம் வாங்கினார்கள். அன்றைக்குக் குளிர் பாத்துமுத்து வீட்டில் இருந்தது. சந்தனம் கொடுத்து அவர்களை அழைத்தாயிற்று. ஆனாலும் ஜெயக்கொடி கிளம்பாமல், மூலையில் விரித்திருந்த பாயைக் கண்ணால் காட்டினாள்.

"அதையுமாளா?"

"பின்னே? நம்ம பிள்ளைல்லா அது?"

லிங்கதுரை சுற்றிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அதுதானே முறை என்பது மாதிரி நின்றார்கள். அவர் தாம்பாளத்தைப் பாயின் முன்னால் நீட்டிக் குனிந்து, "வெள்ளிக்கிழமை ஒன் தங்கச்சிக்கு நிச்சயம். நான் ஒன்ன அடச்சு வச்சேனே தவிர, ஒரு வாட்டிகூட வான்னு சொல்லல. மனசுல வச்சுக்காத. வந்துருய்யா," என்றார். சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. குங்குமம் சிமிழில் லேசாகக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது குளிர் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. பாத்துமுத்து வீட்டில் பார்த்தார்கள், கொம்பையா வீட்டில் பார்த்தார்கள், ஆவுடையம்மாளின் கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். "கல்யாண வீட்டுக்குல்லா போகுது, எங்கயாவது நின்னு துணி மாத்தும்," என்றாள் ஆவுடையம்மாள், ஆனால் அவள் முகத்திலும் கலவரம் தெரிந்தது. வெயில் ஏறியது. மாடியில் இயந்திரம் உறுமியது. கூரைச் சட்டங்களிலிருந்து அனல் இறங்கியது.

குன்னூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பட்டும் பூவும் பழத்தட்டுமாகக் கூடத்தில் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்த கொஞ்சநேரத்தில் முகங்கள் சிவந்தன. வத்சலா அம்மாள் அழைப்பிதழை எடுத்து விசிறிக்கொண்டு கூரையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். "ஏ.சி. இருக்குன்னு சொன்னீங்க?" என்றார், குற்றமாக அல்ல, மயக்கத்துக்கு முந்தைய குரலில். மாப்பிள்ளையின் தாய்மாமா கடிகாரத்தைப் பார்த்தார். நித்யகலா அறைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்மை கரைந்து கொண்டிருந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்கு மனசில்லை.

அந்த நேரத்தில்தான் தெரு வந்தது. வாயால் கூப்பிட்ட தெரு, ஒரு வீடு பாக்கியில்லாமல் பூட்டிவிட்டு வந்தது. கூடம் நிறைந்தது, நடை நிறைந்தது, படிகள் நிறைந்தன, மிச்சம் பேர் வெளியே வெயிலில் ஜன்னலை ஒட்டி நின்றார்கள். ஆட்கள் சேரச்சேர உள்ளே புழுக்கம் கூடியது. வெளியே ஆவுடையம்மாள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி, சிரித்துச் சிரித்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. லிங்கதுரை அவளைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கட்டிலில் சத்தமில்லாமல் சிரித்த ஜெயக்கொடியின் முகம் அவருக்கு ஞாபகம் வந்தது.

அவர் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். பட்டுவேட்டியோடு ஜன்னல் திண்டில் ஏறி நின்றார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய? ஜன்னலத் தெறந்தா கொஞ்சநஞ்சம் வர்றதும் நிக்காது!" என்று எபனேசர் அலறினார்.

"தெரியும்டே," என்றார் லிங்கதுரை. "நானே அடச்சது."

பசை பெயர்ந்தது, கண்ணாடி நகர்ந்தது. முதலில் வெயில் உள்ளே வந்தது, வெயிலோடு தெருப்புழுதி வந்தது, அதற்குப் பின்னால் சத்தம் வந்தது. பிள்ளை அழுகிற சத்தம், ஆவுடையம்மாளின் "பொண்ணு கண்ணத் தொடைங்கட்டி, மை கலையுது பாருங்க" என்ற அதட்டல், கொம்பையா தம்பியிடம் தள்ளி நில்லுல என்கிற சத்தம். லிங்கதுரை அடுத்த ஜன்னலையும் பெயர்த்தார், அதற்கடுத்ததையும் பெயர்த்தார். கடைசி ஜன்னல் திறந்தபோது, வெளியே நின்ற கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பெரிய மனுஷருக்கு ஒதுங்குவதுபோல இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. அந்த வழியாக, டக்டும் வேண்டாம் சட்டமும் வேண்டாம் என்று, குளிர் தெருவிலிருந்தே நடந்து வந்து, திண்டில் ஏறி, கூடத்துக்குள் இறங்கியது. பச்சைப்பிள்ளை அழுகையை நிறுத்தியது. வத்சலா அம்மாள் அழைப்பிதழை மடியில் வைத்தார். குளிர் எல்லாரையும் தாண்டிப் போய், அறைக்கதவோரம் நித்யகலாவின் காலடியில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துகொண்டது. அவள் கையில் மயிர் சிலிர்த்தது, அவள் சிரித்தாள்.

"என்னங்க இது, எங்க ஊர்க் காலைநேரம் மாதிரியே இருக்கு," என்றார் வத்சலா அம்மாள். ஆவுடையம்மாள் ஜன்னல் வழியாக, "வந்துட்டுல்லா, இனி ஆகவேண்டியதப் பாருங்க," என்றாள்.

நிச்சயப் பத்திரிகை வாசித்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமா தாம்பாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, கூட்டத்தைப் பார்த்து, வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுத்தார்:

"பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாரும் எந்திரிச்சு வாங்க, தட்டு மாத்திக்கலாம்."

லிங்கதுரை எழுந்தார், ஜெயக்கொடி எழுந்தாள். எழுந்த பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. அவருக்கும் ஜெயக்கொடிக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பங்காளிகள் எங்கெங்கோ சிதறிப் போனார்கள், பெண் வீட்டார் என்று சொல்ல அவர்கள் இரண்டே பேர்தான். அவர் தலையைக் குனிந்தபடி தாம்பாளத்துக்குக் கையை நீட்டினார். அப்போது பின்னால் பட்டுச்சேலைகள் சரசரத்தன. பாத்துமுத்து பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு எழுந்தாள், கொம்பையாவும் தம்பியும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், எபனேசர் எழுந்தார், படியில் இருந்தவர்கள் எழுந்தார்கள், ஜன்னலுக்கு வெளியே குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். அதுவரை ஜமுக்காளத்தோடு ஜமுக்காளமாக எல்லார் கணுக்காலையும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த குளிர், முழங்காலுக்கு ஏறி, நெஞ்சுக்கு ஏறி, குன்னூர்க்காரர்கள் எல்லோர் முகத்திலும் ஒரே நேரத்தில் சில்லென்று படும்படியாக, பெண் வீட்டாரோடு சேர்ந்து தானும் எழுந்து நின்றது.